“ஜம்ப் கைட்” என்று தலையில் கட்டும் காத்தாடி: வடசென்னைக்காரர்கள் கவனத்துக்கு

விளம்பரம் இதுதான்: “பவர் கைட், 4 சதுர மீட்டர், நாலு கயிறு. லேண்ட்போர்டில் ஜம்ப் பழக சூப்பர். ரெண்டு தடவைதான் பறந்தது. 24,000 ரூபாய்.” பவர் கைட் என்றால் ஆளையே இழுக்கும் பெரிய துணிக் காத்தாடி, லேண்ட்போர்டு என்றால் அது இழுக்க ஏறி நின்று ஓட்டும் சக்கரப் பலகை. வாங்கியவர் தண்டையார்பேட்டைக்காரர், எடை 62 கிலோ. போர்டில் இரண்டு பக்கமும் ஓட்டத் தெரியும், குதித்ததில்லை. காசிமேட்டில் ஒரு டீக்கடை வாசலில் பை கைமாறியது. “இங்க எங்க தம்பி விரிக்கிறது, காத்துல பிச்சிக்கும்” என்று விற்றவர் பையின் ஜிப்பைத் திறக்கவே விடவில்லை. பணம் போனிலேயே போய்விட்டது. மறுநாள் மொட்டை மாடியில் விரித்து, டேப் வைத்து அளந்தபோதுதான் கதை தெரிந்தது.

முதலில் அளவு. நுனிக்கு நுனி 5 மீட்டர், நடுவில் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை 1.30 மீட்டர். இரு பக்கமும் குறுகிப்போகும் நீள்வட்டக் காத்தாடிக்கு இந்த இரண்டையும் பெருக்கி, மறுபடி 0.785 ஆல் பெருக்கினால் பரப்பு கிட்டத்தட்ட வந்துவிடும். வந்தது 5.1 சதுர மீட்டர். அளவு அச்சிட்ட லேபிள் இருந்த இடத்தில் தையல் ஓட்டை மட்டும் வரிசையாக இருந்தது, லேபிள் வெட்டப்பட்டிருந்தது. கேட்டதைவிடப் பெரிசாகத்தானே கிடைத்திருக்கிறது என்று சந்தோஷப்பட இது வேட்டி இல்லை. 5-ஐ 5-ஆல் பெருக்கி 5.1-ஆல் வகுத்தால் 4.9. அகலத்துக்கும் ஒடுக்கத்துக்கும் உள்ள இந்த விகிதம்தான் காத்தாடியின் குணத்தைச் சொல்லும். பழகுகிறவருக்கு 3-லிருந்து 3.5 வரை போதும். 5-ஐ நெருங்கினால் அது பந்தயக் காத்தாடி. வானத்தைச் சட்டென்று கடக்கும், தூக்கும். காற்று கொஞ்சம் தடுமாறினால் நுனி மடிந்து சுருங்கும், பிறகு ‘பட்’டென்று விரியும்போது முழு இழுப்பும் ஒரே நொடியில் தோளில் இறங்கும்.

“ஜம்ப் கைட்” என்ற பேச்சே இங்கிருந்துதான் வருகிறது. சூத்திரம் (துணியைக் கயிற்றோடு இணைக்கும் சின்னக் கயிறுகள்) நிலையாகக் கட்டப்பட்ட, இழுப்பைக் குறைக்க வழியே இல்லாத பழைய ரகங்களில் சில தூக்குவதற்குப் பேர் போனவை. ஃப்ளெக்ஸிஃபாயில் பிளேடு அப்படிப்பட்டது. கைதேர்ந்தவர்கள் அதை விரும்பிய அதே காரணத்தால்தான் புதிதாகக் குதிக்கிறவருக்கு அது ஆகாது. காற்றின் வேகம் 20 கிலோமீட்டரிலிருந்து 30 ஆனால் இழுப்பு ஒன்றரை மடங்கு ஆவதில்லை, 2.25 மடங்கு ஆகிறது. காத்தாடி தலைக்கு நேர்மேலே இருக்கும்போது அப்படி ஒரு வீச்சு வந்தால், குதிக்கலாமா வேண்டாமா என்று அவரைக் கேட்காமலே காற்று தூக்கிவிடும்.

பரப்புப் பொய்யைவிட மோசமானது கயிறு. முன் கயிறு இரண்டும் டைனீமா என்ற வலுவான செயற்கை இழை, சரி. பின்னால் பிரேக் கயிறு இரண்டும் வலைக்கடையில் கிடைக்கிற முறுக்கு நைலான். கையில் பிடித்தால் இரண்டும் உறுதியாகத்தான் தெரியும். ஆனால் டைனீமா சுமை ஏறினாலும் அநேகமாக நீளாது, நைலான் நீளும். 25 மீட்டர் கயிறு நூற்றுக்கு மூன்று பங்கு நீண்டாலே 75 சென்டிமீட்டர். பிரேக்கை இழுத்தால் அந்த இழுப்பு மேலே போய்ச் சேராது, கயிற்றிலேயே கரைந்துவிடும். காத்தாடியை இறக்க முடியாது.

இன்னொன்றும் இருக்கிறது, அதைப் பலரும் யோசிப்பதில்லை. கைப்பிடி வைத்த காத்தாடிக்கு மணிக்கட்டில் மாட்டும் ‘கைட் கில்லர்’ பட்டைகள்தான் உயிர்க்காப்பு. அவை கைப்பிடியின் அடியில், பிரேக் கயிற்றோடு கட்டப்பட்டிருக்கும். கையை விட்டால் கைப்பிடி கவிழ்ந்து, முன் கயிறு கைப்பிடியின் நீளத்துக்குத் தளர்ந்துவிடும். சுமை முழுக்கப் பிரேக்கில் போய், காத்தாடி பின்பக்கமாகச் சரிந்து கீழே விழும். கைப்பிடி சுமார் 38 சென்டிமீட்டர். பிரேக் கயிறோ 75 சென்டிமீட்டர் நீள்கிறது. அப்படியானால் கையை விட்ட பிறகும் முன் கயிறு தளராது, காத்தாடி ஆளை இழுத்துக்கொண்டே போகும். இந்தப் பையில் கில்லரே இல்லை என்பது தனிக்கதை. அதற்குப் பதில், இடுப்புப் பட்டையில் மாட்ட ஒரு கயிறு. அவசரத்துக்குக் கழற்ற அதில் ஒன்றும் கிடையாது.

சூத்திரத்திலும் கை வைத்திருந்தார்கள். அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டு ஒட்டியது மூன்று. டைனீமாவில் சாதா முடிச்சு போட்டால் வலு ஏறக்குறைய பாதியாகிவிடும், நீளமும் மாறும். காத்தாடியை நடுவில் மடித்து இடமும் வலமும் ஒப்பிட்டால் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இதில் நாலு சென்டிமீட்டர். சும்மா விட்டாலே ஒரு பக்கம் சாயும் காத்தாடி இது. சின்ன வயதில் காத்தாடிக்குச் சூத்திரம் போட்ட எவருக்கும் இது புரியும், ஆனால் அங்கே போனால் ஐந்து ரூபாய்க் காகிதக் காத்தாடி, இங்கே போவது முட்டி.

துணி பரவாயில்லை, முன்விளிம்பைத் தவிர. உப்பும் வெயிலும் தின்ற ரிப்ஸ்டாப் துணியை வாயோடு சேர்த்து ஊதினால் காற்று மறுபக்கம் கசியும், நல்ல துணியில் கசியாது. காத்தாடியை வெயிலுக்கு எதிரே பிடித்து, முன்விளிம்பில் உள்ள திறப்புகள் வழியாக உள்ளறைகளையும் பார்க்க வேண்டும். இரண்டு அறைத் தடுப்பு கிழிந்திருந்தது, வெளியே தெரியவே தெரியாது.

ஆகவே வாங்கும் இடத்திலேயே செய்ய வேண்டியவை: டேப்பால் அகலமும் நடு நீளமும் அளப்பது, நாலு கயிற்றின் நுனியையும் ஒரே கம்பத்தில் மாட்டி, முழு நீளம் நடந்து, உடல் எடையைக் கொடுத்து இழுத்து, முன் ஜோடியும் பின் ஜோடியும் தனித்தனியே சமமாக இருக்கிறதா என்று பார்ப்பது, ஊதிப் பார்ப்பது, மடித்து ஒப்பிடுவது. இருபது நிமிஷம் ஆகும். ‘இடமில்லை’ என்பவரிடம் மாநகராட்சி விளையாட்டுத் திடலுக்கு வரச் சொல்லுங்கள், காற்றே தேவையில்லை.

சரி, 62 கிலோ ஆள் குதிக்கப் பழக எது வாங்கலாம்? எங்கள் கட்சி இது: ஓட்டப் பழக கைப்பிடி வைத்த 3 சதுர மீட்டர். குதிக்க, பார் (கையில் பிடிக்கும் குறுக்குக் கம்பி) வைத்த, இழுப்பைக் குறைக்க முடிகிற டீபவர் ஃபாயில், 6-லிருந்து 8 சதுர மீட்டர், ஓசோன் ஆக்சஸ் மாதிரி சாதுவான ரகம், 20-25 கிலோமீட்டர் சீரான காற்றில். பாரைத் தள்ளினால் காத்தாடி காற்றை எதிர்க்கும் கோணம் குறைந்து இழுப்பு இறங்கும். முழுக்கப் போய்விடாது, அதை நம்பிப் பெரிசு வாங்க வேண்டாம். பழையது வாங்கினால் இடுப்பு வளையத்தின் அவசரப் பூட்டைச் சுமையோடு இழுத்துப் பாருங்கள். கம்பத்தில் மாட்டி உடல் எடையோடு பின்னால் சாயும்போது ஒரே இழுப்பில் கழலணும். மணல் ஏறிய பூட்டு கையில் சும்மா பிடிக்கும்போது கழலும், சுமையில் கழலாது. குதிப்பில் பாதிப் பேர் கோட்டைவிடுவது இறங்கும்போது: மேலே போனதும் காத்தாடியைப் பயண திசைக்கு மறுபடி முன்னால் ஓட்டி, போர்டைக் காற்று போகும் பக்கம் திருப்பி இறங்க வேண்டும். முதல் பத்து நாள் முழங்கால் உயரம் போதும்.

இடம் பற்றி ஒன்று. காசிமேடு தாண்டி திருவொற்றியூர், எண்ணூர் வரை கரையோரம் பாதிக்குமேல் பாறாங்கல். மத்தியானம் எழும் கடற்காற்று கிழக்கிலிருந்து வரும், காத்தாடி நிற்பது மேற்கே, அதாவது கன்டெய்னர் லாரி ஓடும் எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம். 25 மீட்டர் கயிறு, அதோடு இழுத்துப்போகும் தூரம். அங்கே குதிக்காதீர்கள். எண்ணூர் பக்கம் உயர் அழுத்த மின்கம்பிகளும் உண்டு. மாலையில் மேற்கே கருமேகம் கட்டினால் காற்று சட்டென்று திசை திரும்பும், அதற்கு முன்னே மடித்து வையுங்கள். ஆள் நடமாட்டம் உள்ள இடத்தில் விறைத்த டைனீமாவும் மாஞ்சா மாதிரியே அறுக்கும்.

விற்றவரிடம் கேட்டதற்கு வந்த பதில்: “ஜம்ப் கைட்னா அப்படித்தான் இழுக்கும், பழசு வாங்கினா ரிட்டர்ன் கிடையாது.” விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டும், பணம் போன விவரமும், பையைத் திறக்கும் வீடியோவும் இருந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் வைக்கலாம். விற்பதையே தொழிலாக வைத்திருப்பவர் மேல்தான் அது எடுபடும், வீட்டுப் பொருளை ஒரே ஒரு முறை விற்றவரிடம் கஷ்டம். அதனால் அவருடைய மற்ற விளம்பரங்களையும் படமெடுத்து வையுங்கள். இவருக்கு அப்படி ஆறு விளம்பரம் இருந்தது.

கயிற்றை மட்டும் மாற்றிவிட்டு இதையே ஓட்டலாமா என்று வாங்கியவர் கேட்டார். கூடாது, 5.1 சதுர மீட்டர் அப்படியேதான் இருக்கும். நடுத்துணியை வெட்டி ஒட்டுத்துணிக்கு வைத்துக்கொள்ளலாம்.