மர மெஷின்களுக்கு அடியில் வீல்: சில வருஷம் ஓட்டிப் பார்த்ததில்

கோயம்புத்தூர்ப் பக்கம் வீட்டிலேயே மரப்பட்டறை வைத்திருப்பவர்கள் பலருக்குக் கார் நிற்கும் போர்டிகோதான் இடம். கார் வெளியே போனதும் பேண்ட் சாவும் (பட்டை ரம்பம்) சர்ஃபேஸ் பிளானரும் (பலகை இழைக்கும் மெஷின்) நடுவுக்கு வரணும், சாயங்காலம் சுவரோரம் ஒதுங்கணும். 300 கிலோ இரும்பைக் கடப்பாரை போட்டுத் தினமும் நெம்ப முடியாது, அதனால் வீல் கட்டாயம். ஆனால் எவ்வளவு லேசாக உருளுது என்று பார்த்து அடித்தளத்தை எடை போடாதீங்க. மரம் தள்ளும்போது அசையாமல் நிற்குதா என்று பாருங்க.

மெஷின் எடையை நாலால் வகுத்து வீல் வாங்குவது முதல் தப்பு. தரை எங்கேயும் ஒரே மட்டமாக இருக்காது. ஒரு வீல் சற்றே தூக்கி நிற்க, மூன்றுதான் பாரம் வாங்கும். 320 கிலோ என்றால் வீலுக்கு 107 கிலோ வருது, 150 கிலோ தாங்குவதாக எடுக்கணும். அளவு 4 அங்குலம். 2 அங்குல வீல் ஒரு மரச்சில்லு குறுக்கே கிடந்தாலே நின்றுவிடும். நைலான் வீல் டைல்ஸ் விளிம்பைப் பேர்க்கும், ரப்பர் கறுப்புக் கோடு இழுக்கும். பி.யு. (பாலியூரித்தேன்) வீல்தான் சரி. அதுவும் பாரத்தோடு மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் அடி தட்டையாகி, உருட்டும்போது தட்தட்டென்று அடிக்கும்.

ஃப்ரேமுக்கு 50×50×6 மி.மீ. எல் ஆங்கிள் (எல் வடிவ இரும்புச் சட்டம்) போதும். வீலை ஃப்ரேமுக்கு அடியில் வைத்தால் மேசை 5 அங்குலம் ஏறிவிடும். 34 அங்குல மேசை 39 ஆனால் கையில் அழுத்தம் கிடைக்காது, பிளேடு பக்கத்தில் அது ஆபத்து. அதனால் மெஷின் ஆங்கிளுக்குள் தரையை ஒட்டி உட்காரணும், வீல் வெளியே காது (பக்கவாட்டில் நீட்டிய தகடு) வைத்து நிற்கணும். இப்படிச் செய்தால் ஒரு அங்குலம்தான் ஏறும். பாரம் முழுக்க அந்தக் காதின் வெல்டிங்கில் விழுவதால் முதலில் விரிசல் விடுவதும் அங்கேதான். ஒவ்வொரு காதுக்கும் முக்கோணத் துண்டு வைத்து வெல்டிங் அடிக்கச் சொல்லுங்க.

ஒரு பக்கம் முழுசாக அடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் ஃப்ரேம் முறுக்கிக்கொள்ளும். நாலு மூலையிலும் டேக் (சின்னப் பொட்டு வெல்டிங்) அடித்து, மூலைக்கு மூலை இரண்டு நூலை ஒரே உயரத்தில் இழுத்துக் கட்டுங்க. நடுவில் இரண்டும் தொட்டும் தொடாமலும் இருந்தால் முறுக்கு இல்லை. தகடு பாடி பிளானர் ஃப்ரேமின் முறுக்கை அப்படியே வாங்கும். முன் மேசையும் பின் மேசையும் விலகி, இழைத்த பலகைகளை ஒட்டினால் நடுவில் வெளிச்சம் தெரியும். குற்றம் பிளேடில் இல்லை, அடித்தளத்தில்.

பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். சாதாரண பிரேக் வீல் உருள்வதைத்தான் நிறுத்தும், கழுத்து (வீல் பக்கவாட்டில் திரும்பும் மூட்டு) திரும்புவதை அல்ல. கனமான பலகையைத் தள்ளினால் மெஷின் அரை அங்குலம் நெளியும். போர்டிகோவில் தண்ணீர் ஓட வாட்டம் வேற இருக்கும், வீலிலேயே விட்ட மெஷின் அதிர்ந்து அதிர்ந்து கேட் பக்கம் இறங்கும். நாலு மூலையிலும் எம்16 (16 மி.மீ. தடிமன் போல்ட்டுக்கான) நட்டை வெல்டிங் செய்து, அடியில் தட்டு வைத்த போல்ட் போடணும். எம்16 ஒரு சுற்றுக்கு 2 மி.மீ. ஏறும். போல்ட் தரையைத் தொட்ட பிறகு ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று திருகினால் பாரம் வீலை விட்டு போல்ட்டுக்கு வந்துவிடும், வீலும் தட்டையாகாது. ரசமட்டம் வைத்து வாட்டத்தையும் இதிலேயே சரிசெய்யலாம். பிளானர் என்றால் மேசை மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜையும் (நேர் விளிம்புப் பட்டை) ஒருமுறை வைத்துப் பார்த்துவிடுங்க.

பேண்ட் சாவுக்கு எடை மேலே இருப்பதால் ஃப்ரேம் இரண்டு பக்கமும் 6 அங்குலம் அகலமாக வேணும். தள்ளும்போது கை இடுப்புக்குக் கீழேயே இருக்கட்டும், மேசையைப் பிடித்து இழுக்கக் கூடாது.

வீல் கழுத்தில் கிரீஸ் வைத்தால் மரத்தூள் சேர்ந்து களி மாதிரி இறுகிவிடும். ஆடிக் காற்றில் தூள் எங்கும் பறக்கும்போது இன்னும் மோசம். கிராஃபைட் தூளோ உலர்ந்த மெழுகோ போதும். போல்ட் மரையில் மழைக்காலத்துக்கு முன் ஒரு தடவை மெழுகு தேய்த்துவிட்டால் துரு பிடிக்காது.

மரக் கடைசல் லேத்துக்கு மட்டும் வீல் வேண்டாம். சமன் இல்லாத மரக்கட்டை சுற்றும்போது வரும் உதறலில் போல்ட்டுகள் தளரும். அதைத் தரையோடு முடுக்கி, ஒரே இடத்தில் விட்டுவிடுங்க.