மணிக்கட்டில் 94, நெஞ்சில் 158

ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கொடுத்து வாங்கிய கைக்கடிகாரம். நடைக்கும் தூக்கத்துக்கும் குறை சொல்ல முடியாது. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளை ஏறும்போதுகூட இதயத் துடிப்பை ஒழுங்காகத்தான் காட்டுகிறது. வீட்டுக்குள் சைக்கிள் மிதிக்க உட்கார்ந்தால்தான் அதற்குப் பைத்தியம் பிடிக்கிறது.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில், மின்விசிறியை முகத்துக்கு நேரே திருப்பிவிட்டு, சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க உதவும் டிரெய்னரில் மிதிப்பவன் நான். பினாங்கு மாலை நெரிசலில் சைக்கிள் ஓட்ட எனக்குத் தைரியம் போதாது. மூச்சு வாங்குகிறது, வியர்வை தரையில் சொட்டுகிறது, கடிகாரமோ சாவகாசமாக 94 என்கிறது. கழுத்தில் விரல் வைத்து 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கினால் 156. எனக்கு வயது 46. 220இலிருந்து வயதைக் கழிக்கும் தோராயக் கணக்கில் என் உச்சமே 174தான். அந்த 94ஐ நம்பி இன்னும் அழுத்தினால் என்ன கதி?

வாங்கிய கடையில் கேட்டேன். “எலும்புக்கு ஒரு விரல் மேலே இறுக்கிக் கட்டுங்க அண்ணே” என்றார் அங்கிருந்த தம்பி. அறிவுரை சரிதான், கொஞ்சம் தேறவும் செய்தது. ஆனால் கைப்பிடியில் சாய்ந்ததும் பழைய குருடி கதவைத் திறடி.

காரணம் இதுதான். கடிகாரத்தின் அடியில் பச்சை விளக்கு எரிகிறது. தோலுக்கடியில் ஓடும் ரத்தம் அந்த ஒளியை உறிஞ்சும். துடிப்புக்குத் துடிப்பு ரத்தம் கூடிக் குறைய, திரும்பி வரும் ஒளியும் மாறும். அந்த மாற்றத்தைத்தான் அது எண்ணுகிறது. கைப்பிடியை இறுக்கிப் பிடித்து மணிக்கட்டை மடக்கினால் அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைகிறது, தசைநாண்கள் புடைத்துக் கடிகாரத்தைத் தூக்கிவிடுகின்றன, இடையில் வியர்வை வேறு. வீட்டுக்குள் சாலைக் குலுக்கல் இல்லையே என்று நினைப்போம். கையை அசைக்காமல் ஒரே பிடியில் வைத்திருப்பதே வினை. நம்பாவிட்டால், மிதித்துக்கொண்டே இடக்கையை விட்டுத் தொங்கவிட்டுப் பாருங்கள். எனக்கு 94, 120ஐத் தாண்டி மெல்ல 150 பக்கம் ஏறியது. திரும்பப் பிடித்தேன், இறங்கியது.

30 நொடி வேகமாக மிதித்து ஓய்வெடுக்கும் பயிற்சியில் இன்னும் மோசம். நான் ஓய்வுக்கு வந்த பிறகுதான் கடிகாரத்துக்கு உறைக்கிறது.

கடைசியில் போலார் எச்10 மார்புப் பட்டை வாங்கினேன். இது ஒளியை நம்புவதில்லை, இதயத்தின் மின் துடிப்பையே பிடிக்கிறது. முதல் நாளே பட்டையில் 158, மணிக்கட்டில் அதே பழைய 94. ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் இணைப்பு தருவதால் கடிகாரத்துக்கும் டேப்லெட்டுக்கும் சேர்த்தே அனுப்பலாம். கடிகார அமைப்பில் வெளி உணரி (சென்சார்) சேர்க்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டுமுன் பட்டையின் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைக்க வேண்டும், இல்லையென்றால் ஆரம்பத்தில் இதுவும் உளறும். முடிந்ததும் உணரியைக் கழற்றிவிட்டுப் பட்டையை அலசிக் காயப்போடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் சுருட்டிப் போட்டால் நாற்றம் தாங்காது.

நெஞ்சில் இறுக்கம் பிடிக்காதவர்களுக்குக் கையின் மேல்பகுதியில் கட்டும் போலார் வெரிட்டி சென்ஸ் இருக்கிறது. அதுவும் ஒளியில்தான் அளக்கிறது, ஆனால் அங்கே மணிக்கட்டு மடங்கும் தொல்லை இல்லை. வீட்டம்மா அதைத்தான் கட்டுகிறார். சேர்த்துக் கட்டிப் பார்த்தபோது என் பட்டையோடு ஓரிரண்டு துடிப்புதான் வித்தியாசம்.