அலுவலகத்தில் இபிஏபிஎக்ஸ் வைத்திருப்பவர்கள் உடனே பாருங்கள்: எங்களுக்கு ரூ.2,87,460 போய்விட்டது

ரூ.2,87,460. தீபாவளிக்குக் கம்பெனியைப் பூட்டிவிட்டு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது, எங்கள் தொலைபேசி இணைப்பிலிருந்து கியூபாவுக்கும் சோமாலியாவுக்கும் லாத்வியாவுக்கும் போன அழைப்புகளுக்கான பில் இது. அந்த நாடுகளில் எங்களுக்கு ஒரு பனியன் துணிகூட விற்பனை கிடையாது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். இபிஏபிஎக்ஸ் என்பது அலுவலகத்துப் போன்களையெல்லாம் இணைக்கும் பெட்டி; அதில் ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி எண்தான் எக்ஸ்டென்ஷன். எந்த எக்ஸ்டென்ஷனுக்கு எந்த அழைப்பைத் திறந்துவிடுவது, எதை அடைப்பது, பயனர் அமைப்புகளில் எதையெல்லாம் சரிபார்ப்பது என்பதைக் கடைசியில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் நடந்ததைப் படியுங்கள்.

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிறோம். நானும் என் அண்ணனும் பங்குதாரர்கள். அலுவலகம், கட்டிங், பேக்கிங், கேட் எல்லாம் சேர்த்து நாற்பது எக்ஸ்டென்ஷன்கள். இவற்றில் ஐ.எஸ்.டி. (வெளிநாட்டு அழைப்பு) தேவைப்படுவது ஆர்டர் கவனிக்கும் மெர்ச்சண்டைசர்கள் இருவருக்கும் ஷிப்பிங் பார்ப்பவருக்கும் மட்டும். பழைய இபிஏபிஎக்ஸ் பெட்டி பழுதானதால் புதிதாக ஒன்று வாங்கினோம். வெளி இணைப்பு, இணையம் வழியாக வரும் சிப் டிரங்க் வகை; ஒரே நேரத்தில் பத்து அழைப்புகள் பேசலாம். விற்றவர் இபிஏபிஎக்ஸ், சிசிடிவி, விரல்ரேகை வருகைப்பதிவு எல்லாம் பொருத்தித் தரும் உள்ளூர் டீலர். பெயரைப் போட வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருக்கிறார். இல்லாவிட்டால் கொட்டை எழுத்தில் போட்டிருப்பேன்.

பொருத்திய அன்று அந்த டீலரே நேரில் வந்தார். ரிசப்ஷன் மேசையில் லேப்டாப்பை விரித்து வைத்துக்கொண்டு, "அண்ணா, யார் யாருக்கு என்ன வேண்டும் என்று ஒரு பட்டியல் கொடுங்கள், உங்கள் கண் முன்னாலேயே போட்டுத் தருகிறேன்" என்றார். கொடுத்தேன். திரையில் கட்டம் கட்டமாக எக்ஸ்டென்ஷன் எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே வகுப்பு: உள்ளுக்குள் மட்டும், லோக்கல், எஸ்.டி.டி. (வெளியூர்), ஐ.எஸ்.டி. கேட்டுக்கு இது, பேக்கிங்குக்கு இது என்று ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டியபடி டிக் போட்டார். முடித்துவிட்டு ரிசப்ஷன் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீங்களே அழுத்திப் பாருங்கள் அண்ணா." 0049 என்று ஜெர்மனி எண்ணை அழுத்தினேன். நாலாவது இலக்கத்துக்குள்ளேயே பிஸி டோன் வந்துவிட்டது. "பார்த்தீர்களா? இனி உங்கள் வாட்ச்மேன் துபாய்க்குப் பேச முடியாது" என்று சிரித்தார். எங்கள் வாட்ச்மேன் துபாய்க்குப் பேசியதே இல்லை. இருந்தாலும் நானும் சிரித்துவிட்டு அங்கேயே செக்கில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சேர்த்துத்தான்.

அடுத்த வாரமே ரிசப்ஷனில் இருக்கும் பெண், லாரி டிரைவர்களின் செல்போனுக்கு அழைப்பு போகவில்லை என்றார். இதில்தான் விஷயமே இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியில் இருந்து எந்தச் செல்போனை அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். டீலர் போட்டிருந்த தடையோ, 0 என்று தொடங்கினாலே அடைத்துவிடு என்பது. எஸ்.டி.டி. 0, ஐ.எஸ்.டி. 00, இரண்டும் அதில் அடங்கிவிடும். ஆனால் செல்போனும் சேர்ந்து அடைபட்டுவிட்டது. முறையாகச் செய்வதென்றால் 00 என்பதைத் தடைப் பட்டியலில் தனியாக வைத்துவிட்டு, 0-க்குப் பிறகு 6, 7, 8, 9 வரும் எண்களை அனுமதிப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நம் செல்போன் எண்கள் அந்த நான்கில்தான் தொடங்குகின்றன. பெங்களூரின் 080 போலப் பல எஸ்.டி.டி. எண்களும் கூடவே போய்விடும், போகட்டும். ஐந்து நிமிட வேலை.

டீலரின் சர்வீஸ் பையன் என்ன செய்தான் தெரியுமா? தன் அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே இணையம் வழியாக எங்கள் பெட்டிக்குள் நுழைந்து, தடைப் பட்டியலில் இருந்த அந்த 0 என்ற ஒரே வரியை அழித்துவிட்டான். ஒரு மடையைத் திறக்கச் சொன்னதற்கு ஏரிக்கரையையே வெட்டிவிட்டான். "சரி செய்தாகிவிட்டது அண்ணா, செல்போனுக்குப் போகிறது பாருங்கள்" என்று போனில் சொன்னான். போனது. கூடவே நாற்பது எக்ஸ்டென்ஷனிலும் 00 திறந்துகொண்டதை யாரும் சொல்லவில்லை. திரையில் "லோக்கல்" என்ற பெயர் அப்படியேதான் இருந்தது. உள்ளே தடை மட்டும் காலி.

இத்தனையும் எனக்குத் தெரியவந்தது, கோவையில் கணினி நெட்வொர்க் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் வந்து பெட்டியின் பதிவேட்டைத் திறந்து காட்டிய பிறகுதான். இன்னொன்றையும் அவர் காட்டினார். எங்கள் மீட்டிங் அறையின் எக்ஸ்டென்ஷன் எண் 219. அதன் கடவுச்சொல்லும் 219. வாய்ஸ் மெயில் ரகசிய எண்ணும் 219. நாற்பதுக்கும் இதே கதை; அந்தந்த எண்ணே அந்தந்தக் கடவுச்சொல். பொருத்துகிறவர்களுக்கு அதுதான் சௌகரியமாம். போதாததற்கு, தொலைவிலிருந்தே சர்வீஸ் செய்வதற்காக ரவுட்டரில் 5060 என்ற போர்ட்டை (இணைய அழைப்புகள் வந்துபோகும் வாசலை) உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். இணையத்தில் இந்தப் போர்ட்டைத் தேடி அலைவதற்கென்றே நிரல்கள் இருக்கின்றன. 100, 101, 102 என்று வரிசையாக எண்களைக் கூப்பிட்டு, அதே எண்ணைக் கடவுச்சொல்லாகக் கொடுத்துப் பார்க்கும். எங்களிடம் முதல் முயற்சியிலேயே கதவு திறந்திருக்கும்.

தீபாவளிக்கு முந்தைய இரவு 11.40-க்குத் தொடங்கியிருக்கிறது. அழைப்புப் பட்டியலில் வரிக்கு வரி 219, 219, 219. எதிரே 0053, 00252, 00371. நேரம் என்ற கட்டத்தில் 29.58, 29.58, 29.58. மனிதர்கள் பேசினால் எல்லா அழைப்பும் விநாடி பிசகாமல் ஒரே அளவு நீளமாக இருக்குமா? பத்து வழிகளும் நிரம்பி, ஒன்று அறுந்ததும் அடுத்தது. இந்த மோசடிக்காரர்கள் அந்த நாட்டு எண்களைக் கூட்டமாக வாடகைக்கு எடுத்து வைத்திருப்பார்களாம். அந்த எண்ணுக்கு வரும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் அங்குள்ள தொலைபேசி நிறுவனத்துக்குப் பணம் சேரும், அதில் ஒரு பங்கு எண்ணை எடுத்தவனுக்கு. விடுமுறை நாளாகப் பார்த்து வருவதும் கணக்குப் போட்டுத்தான். தீபாவளிக்குத் திருப்பூர் எப்படிக் காலியாகும் என்று உங்களுக்கே தெரியும்.

விடுமுறை முடிந்து திறந்தபோது ஒரு வெளி அழைப்பும் போகவில்லை. இணைப்பு கொடுத்த தொலைபேசி நிறுவனத்தைக் கேட்டால், பாக்கிக்காக நிறுத்தியிருக்கிறோம் என்றார்கள். எவ்வளவு என்றேன். ரூ.2,87,460. தப்பாகக் கேட்கிறது என்று திரும்பச் சொல்லச் சொன்னேன். மறுபடியும் அதே ரூ.2,87,460.

இனிமேல்தான் அலைக்கழிப்பு. டீலரை அழைத்தேன். அதுவரை "அண்ணா" என்று வாய் நிறைய அழைத்தவர், தொகையைக் கேட்டதும் "சார்" என்றார். அப்போதே புரிந்துவிட்டது. "சார், பெட்டியில் கோளாறு இல்லை சார். உங்கள் இன்டர்நெட் பிரச்சினை. ரவுட்டர்காரரைக் கேளுங்கள்." ரவுட்டரில் போர்ட்டைத் திறந்ததே உங்கள் ஆள்தானே என்றேன். "அந்தப் பையன் வேலையை விட்டுப் போய்விட்டான் சார்." ஒப்பந்தம் இருக்கிறதே? "அது உதிரிபாகத்துக்கு மட்டும் சார், செட்டிங்குக்கு வராது." கடைசியாக ஒன்று சொன்னார் பாருங்கள், அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை: "உங்கள் நைட் வாட்ச்மேனை விசாரித்தீர்களா சார்?" பண்டிகை இரவிலும் வீட்டுக்குப் போகாமல் கேட்டில் உட்கார்ந்திருந்த அறுபது வயது மனிதரைப் பார்த்து! அவர் பூட்டிய மீட்டிங் அறைக்குள் புகுந்து ஒரே நேரத்தில் பத்து அழைப்பில் கியூபாவோடு பேசினாராம். அதன் பிறகு என் எண்ணைக் கண்டால் அவர் எடுப்பதில்லை.

தொலைபேசி நிறுவனத்தில், அழைப்பு உங்கள் இணைப்பிலிருந்து போயிருக்கிறது, உங்கள் கருவியின் பாதுகாப்பு உங்கள் பொறுப்பு என்று எழுதி வைத்துப் படிப்பதுபோல ஒரே வாக்கியம். விண்ணப்பத்தில் கடன் வரம்பு ரூ.50,000 என்று நீங்களே அச்சடித்திருக்கிறீர்களே, அதைத் தாண்டியபோது ஏன் நிறுத்தவில்லை என்று கேட்டேன். அது ஒரு உத்தேச வரம்புதானாம். உத்தேசம்! என் பாக்கி மட்டும் உத்தேசம் இல்லை, பைசா சுத்தமாக நிற்கிறது. புகார் எண் கொடுத்தார்கள். மறுநாள் "தீர்க்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வந்தது. மேல்முறையீடு செய்யலாம் என்கிறார்கள், ஆனால் அந்த மேல்முறையீட்டு அதிகாரியும் அதே நிறுவனத்துக்குள்தான்.

இதில் வயிற்றெரிச்சலான ஒரு சங்கதி. அழைப்புக் கட்டணம் ரூ.2,43,610. அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. ரூ.43,850. திருட்டுக்கும் வரி! உள்ளீட்டு வரியாக, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில், கழித்துக்கொள்ளலாமே என்றார் ஆடிட்டர். தொழிலுக்காகப் பேசாத அழைப்புக்கு எப்படிக் கழிப்பது என்று கேட்டதும், பார்த்துச் சொல்கிறேன் என்று அவரும் வைத்துவிட்டார்.

1930 என்ற சைபர் மோசடிப் புகார் எண்ணுக்கு அழைத்தேன். எந்த வங்கிக் கணக்கிலிருந்து பணம் போனது, பரிவர்த்தனை எண் என்ன என்று கேட்டார்கள். நல்லபடியாகத்தான் பேசினார்கள். ஆனால் பணம் வங்கியிலிருந்து போகவில்லையே, கடனாக அல்லவா ஏறியிருக்கிறது, எதை முடக்குவது? நேரில் எழுதிக் கொடுங்கள் என்றார்கள், கொடுத்திருக்கிறேன். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்றால், 2019-ம் ஆண்டு சட்டப்படி வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார். சொந்தமாக உழைத்துப் பிழைப்பதற்காகத் தொழில் செய்பவருக்குத்தான் விலக்கு. நீங்கள் அதில் வரமாட்டீர்கள் என்று வழக்கறிஞர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

இவ்வளவு சண்டை போட்டதற்குப் பலன் ஒன்று உண்டு. டீலர் புதிதாக ஒரு பையனை அனுப்பி "எல்லாவற்றையும் டைட்" செய்யச் சொன்னார். செய்தான். மூன்று இலக்க எண் எதுவுமே வெளியே போகாதபடி அடைத்துவிட்டுப் போய்விட்டான். கட்டிங்கில் ஒரு பெண் மயங்கி விழுந்தபோது கேட்டிலிருந்து 108 அழுத்தினால் பிஸி டோன். அதே வாட்ச்மேன்தான் தன் செல்போனில் அழைத்து ஆம்புலன்ஸை வரவழைத்தார். அந்தப் பெண் இப்போது நலமாக இருக்கிறார். அன்று இரவு இதைப்பற்றித் தேடியபோதுதான் அமெரிக்காவில் 2018-ல் இதற்கென்றே சட்டம் போட்டிருப்பதைப் பார்த்தேன். டெக்சாஸில் ஓர் ஓட்டல் அறையில் தாய் தாக்கப்பட்டபோது, அவருடைய சின்ன மகள் அங்கத்திய அவசர எண்ணான 911-ஐ அழுத்தி அழுத்திப் பார்த்தும் போகவில்லை. அந்த ஓட்டல் போனில் வெளி இணைப்புக்கு முதலில் 9 அழுத்த வேண்டுமாம், குழந்தைக்கு அது எப்படித் தெரியும்? தாய் இறந்துவிட்டார். அதன் பிறகுதான் எந்த எண்ணும் முன்னால் சேர்க்காமல் 911 நேராகப் போக வேண்டும் என்று அங்கே கட்டாயமாக்கினார்கள். இங்கே கேட்பாரில்லை.

விரிவாகச் சொல்கிறேன் என்றேன். வழக்கறிஞரிடமிருந்து இரண்டு முறை அழைப்பு வந்துவிட்டது, கிளம்ப வேண்டும். சுருக்கமாக இவ்வளவுதான்:

இப்போதே எழுந்து போய், ஐ.எஸ்.டி. தேவையில்லாத போனில் 00 அழுத்திப் பாருங்கள். டீலர் தொட்டுவிட்டுப் போன ஒவ்வொரு முறையும் பாருங்கள். திரையில் வகுப்பின் பெயரைப் பார்த்து நம்பாதீர்கள். ஐ.எஸ்.டி. யாருக்குமே தேவையில்லை என்றால் பெட்டியில் அடைப்பது போதாது, தொலைபேசி நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து அங்கேயே அடைத்துவிடுங்கள். எக்ஸ்டென்ஷன் எண்ணே கடவுச்சொல்லாக இருந்தால் இன்றே மாற்றச் சொல்லுங்கள், வாய்ஸ் மெயிலுக்கும் சேர்த்து. அழைப்பை வெளி எண்ணுக்குத் திருப்பிவிடும் வசதியைத் தேவைப்படாதவர்களுக்கு நிறுத்திவையுங்கள். ரவுட்டரில் என்னென்ன திறந்திருக்கிறது என்று டீலரைக் கேட்காமல் வேறு ஆளை வைத்துப் பாருங்கள். 108, 112 இரண்டும் எல்லாப் போனிலிருந்தும் போகிறதா என்று பாருங்கள். டீலர் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். "சரி செய்தாகிவிட்டது" என்று போனில் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ரூ.2,87,460-ஐ கட்டாவிட்டால் எண்ணையே எடுத்துவிடுவோம் என்று இன்று காலை நோட்டீஸ் வந்திருக்கிறது. எங்கள் பையர்கள் எல்லோரிடமும் இருப்பது அந்த எண்தான். இதே போன்ற பில்லை எதிர்த்து யாராவது ஒரு ரூபாயாவது குறைத்து வாங்கியிருந்தால், யாருக்கு, எப்படி எழுதினீர்கள் என்று தயவுசெய்து எனக்குத் தெரிவியுங்கள்.