அலைனரோடு பதினான்கு மாதம்: அந்த வெள்ளைப் பொருக்கு எங்கிருந்து வந்தது?

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கணக்கு டீச்சர் போன வாரம் கேட்டார்: "அக்கா, கம்பி வேண்டாம், அலைனர் போடலாம்னு இருக்கேன். தினமும் கழுவுறது பெரிய வேலையா?" அலைனர் என்பது பல்லை நேராக்கப் பல்லின் மேல் போடும், கழற்றி மாட்டக்கூடிய மெல்லிய பிளாஸ்டிக் உறை. மணி அடிக்க ஐந்து நிமிடம் இருந்தது. பெரிய வேலைதான் என்று மட்டும் சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனேன். அது பாதிப் பதில்தான், மீதியை இங்கே எழுதுகிறேன்.

என் கணக்கு இது. முதலில் 24 செட் (மேலுக்கும் கீழுக்குமான ஜோடிதான் ஒரு செட்), ஒவ்வொன்றும் பத்து நாள். அப்புறம் திருத்தத்துக்கு இன்னும் 9 செட், அவை இரண்டு வாரத்துக்கு ஒன்று. நடுவில் காத்திருந்ததையும் சேர்த்துப் பதினான்கு மாதம் ஆனது. இப்போது, நேரான பல் பழைய இடத்துக்குத் திரும்பாமல் இருக்க, இரவில் ரீடெய்னர் மட்டும் போடுகிறேன். ஒரு நாளில் 20 முதல் 22 மணி நேரம் போட வேண்டும், சாப்பிடும்போது கழற்ற வேண்டும், தண்ணீர் தவிர எதைக் குடித்தாலும் கழற்ற வேண்டும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முதல் இரண்டு வாரம் வகுப்பில் 'ச' சரியாக வரவில்லை, பிறகு பழகிவிட்டது. வலியும் புது செட் போட்ட முதல் இரண்டு நாள்தான்.

என்னைப் பாடாய்ப் படுத்தியது ஒரே ஒரு விஷயம். வெள்ளைப் பொருக்கு.

மூன்றாவது செட்டில்தான் முதலில் பார்த்தேன். காலையில் கழற்றி அடுக்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், கண்ணாடி மாதிரி இருந்த பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு பூசியது போல ஒரு மங்கல். நகத்தால் சுரண்டினால் சொரசொரப்பு. மூக்கருகே கொண்டுபோனால் லேசான புளித்த வாடை. பிரஷ் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. பற்பசை வைத்துத் தேய்த்தேன், இன்னும் மோசமானது. பற்பசையில் பல்லைத் துலக்குவதற்கென்றே நைசான உரசும் தூள் இருக்கிறது. பல்லின் எனாமல் அதைத் தாங்கும், இந்த மெல்லிய பிளாஸ்டிக் தாங்காது. கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அந்தக் கீறலுக்குள் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும். அந்த செட் கடைசி நாள் வரை மங்கலாகவே இருந்தது.

எங்கள் வீடு குளச்சலுக்குப் பக்கம். போர் தண்ணீர் கொஞ்சம் உப்பு, வெந்நீர் போடும் கெட்டிலின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு பிடித்திருக்கும். அதனால் பழியைத் தண்ணீர் மேல் போட்டேன். கிளினிக்கில் சொன்னபோது, சுத்தம் செய்யும் மாத்திரை ஒரு அட்டையைக் கையில் கொடுத்து, இதில் ஊற வைத்தால் போதும் என்றார்கள். வீட்டில் என்ன தண்ணீர், மதியம் எங்கே கழற்றுகிறீர்கள், எவ்வளவு நேரம் வெளியே இருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. லட்சத்துக்கு மேல் பணம் கட்டிய ஆளிடம் இந்த மூன்று கேள்வியையும் கேட்க இரண்டு நிமிடம் ஆகாது. அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

மாத்திரையைக் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரில் போட்டதும் பொங்கும், வாடை போய்விடும், கிருமியும் குறையும். ஆனால் அதற்கு ஒரு எல்லை உண்டு. ஏற்கெனவே கல்லாகிவிட்ட பொருக்கு அதில் அசையவில்லை. இன்னொன்று, சில மாத்திரைகளில் பெர்சல்பேட் என்ற ரசாயனம் இருக்கும். அது சிலருக்கு ஒவ்வாமை தரும். அட்டையைப் படித்துவிட்டு வாங்குங்கள், ஊற வைத்த பிறகு நன்றாக அலசாமல் வாயில் போடாதீர்கள்.

சரி, தண்ணீர்தான் காரணமா என்று பார்த்துவிடுவோம் என்று இரண்டு வாரம் கேன் தண்ணீரிலேயே கழுவினேன். அப்படியும் பொருக்கு வந்தது. அப்போதுதான் அது எங்கே வருகிறது என்று உற்றுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் இல்லை. கீழ் செட்டில் முன்பற்களுக்குப் பின்பக்கம், நாக்கு தொடும் இடம். மேல் செட்டில் கடைவாய்ப் பற்களின் கன்னப் பக்கம். வேறெங்கும் பளிச்சென்றுதான் இருந்தது. தண்ணீர்தான் காரணம் என்றால் இப்படி இடம் பார்த்தா படியும்?

அடுத்த முறை டாக்டரிடம் இதைக் காட்டினேன். அவர் உடனே சொல்லிவிட்டார்: உமிழ்நீர்ச் சுரப்பிகளின் வாய் திறக்கும் இடங்கள் அவை. நாக்குக்கு அடியில் ஒன்று, மேல் கடைவாய்க்கு எதிரே கன்னத்தில் ஒன்று. உமிழ்நீரிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் இருக்கின்றன. பல்லில் காரை பிடிப்பதும் அதிகமாக அந்த இடங்களில்தான். அலைனரில் படிவதும் அதே காரைதான். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் கேன் தண்ணீருக்குக் காசு கொடுத்திருக்க மாட்டேன்.

அதற்கப்புறம்தான் என் மதியச் சாப்பாட்டு நேரத்தை யோசித்தேன். பஸ்ஸில் தக்கலைக்கு வந்து, இரண்டு பீரியட், இடைவேளை, மறுபடி இரண்டு பீரியட். மதியம் அலைனரைக் கழற்றி அப்படியே டப்பாவில் போட்டு மூடிவிட்டு, சாப்பிட்டு, பேசி, பல் தேய்த்து, முக்கால் மணி நேரம் கழித்துத்தான் அதைக் கழுவிக்கொண்டிருந்தேன். அதற்குள் உமிழ்நீர் அதிலேயே காய்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போது விரலாலேயே வழித்தெடுக்கலாம். காய்ந்தால் பசை மாதிரி ஒட்டும். தினம் அதன் மேல் அது காய்ந்து காய்ந்துதான் கல்லாகிறது. சோறு வடித்த பானையை உடனே கழுவுவதற்கும் சாயங்காலம் கழுவுவதற்கும் உள்ள வித்தியாசம்தான்.

அன்றிலிருந்து, கழற்றினால் உடனே கழுவுவேன், சாப்பாடு அப்புறம்தான். குழாய் இல்லாவிட்டால் பாட்டில் தண்ணீர், விரலால் உள்ளும் புறமும் ஒரு தேய்ப்பு, பிறகு டப்பா. அரை நிமிடம் கூட ஆகாது. காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷில், நிறமும் மணமும் இல்லாத கைகழுவும் சோப்பு ஒரு சொட்டு, சாதாரணத் தண்ணீர். வாரம் ஒரு முறை வெள்ளை வினிகர் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து இருபது நிமிடம் ஊறல். வினிகரின் அமிலம் காரையைக் கரைக்கும். அதே அமிலம் பல்லுக்கு ஆகாது என்பதால் ஊறியதும் நிறையத் தண்ணீரில் அலசிவிடுவேன். எட்டாவது செட்டிலிருந்து கடைசி செட் வரை, மாற்றும் நாளிலும் அலைனர் கண்ணாடி மாதிரியே இருந்தது. ஜன்னலில் பிடித்துப் பார்த்து வருகிற சந்தோஷம் எனக்குக் கடைசி வரை குறையவில்லை.

வெந்நீர் விஷயத்தைச் சொல்லாமல் விட முடியாது. பதினோராவது செட்டின் ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை. மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டு வந்தால், அடுக்களையில் மாமி அலைனரைக் கிண்ணத்தில் போட்டு வைத்திருக்கிறார்கள். "வாயில போடுற சாதனமாச்சே, கொதிக்க வச்ச தண்ணில அலசி வச்சிருக்கேன் மக்களே" என்றார்கள். பேரப்பிள்ளைகளின் பால் பாட்டிலை அப்படித்தான் பார்த்துப் பார்த்துக் கழுவியவர்கள். போட்டுப் பார்த்தேன், ஒரு ஓரம் பல்லில் உட்காரவே இல்லை. சூட்டில் அச்சுக்குப் பொருத்திச் செய்த பிளாஸ்டிக், சூடு பட்டால் நெளிந்துவிடும். டாக்டர் அடுத்த செட்டை அன்றே போட்டு, அதைப் பதினான்கு நாள் வைத்திருக்கச் சொன்னார். மாமி இரண்டு நாள் வருத்தத்தில் சரியாகச் சாப்பிடவில்லை. வீட்டில் இருக்கும் எல்லோருக்கும் முதல் நாளே சொல்லி வையுங்கள். நான் சொல்லாதது என் தப்பு.

மஞ்சள் கறை பற்றியும் கேட்பீர்கள். நம் ஊர்க் குழம்புகளில் மஞ்சள் இல்லாதது எது? வேட்டியில் பட்ட மஞ்சள் வெயிலில் காய்ந்தால் போகும், இதையும் வெயிலில் வைக்கலாமா என்று அம்மா கேட்டார். வைக்காதீர்கள், அதுவும் சூடுதான். சாப்பிட்டதும் பல் துலக்காமல் போட்டால்தான் கறை ஏறும். அலைனர் பிடித்து நிற்பதற்காகப் பல்லில் ஒட்டும் சின்னப் பொட்டுகளில் மட்டும் கொஞ்சம் மஞ்சள் ஏறியது. அவற்றைக் கடைசியில் எடுத்துவிடுவார்கள் என்பதால் நான் பொருட்படுத்தவில்லை. கல்யாணச் சாப்பாட்டுக்கு டப்பா இல்லாமல் போகாதீர்கள். பேப்பரில் சுற்றி இலைக்குப் பக்கத்தில் வைத்தால், பந்தி முடிந்ததும் விரிப்போடு சேர்த்துச் சுருட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

நான் எதிர்பார்க்காத நல்லது ஒன்று நடந்தது. பல வருடமாக ஈறில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. நாளுக்கு மூன்று முறை பல் துலக்கியதிலும், இரவில் பல் இடுக்கில் நூல் போட்டதிலும் அது நின்றுவிட்டது. முன்பற்கள் இரண்டும் நேராகிவிட்டன. ஸ்டாஃப் குரூப் போட்டோவில் முதல் முறையாக வாய் திறந்து சிரித்திருக்கிறேன்.

இவ்வளவும் சொன்ன பிறகும், ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பையனுக்கு அலைனர் போடலாமா என்று அண்ணன் கேட்டபோது, கம்பியே போடு என்றுதான் சொன்னேன். ஏத்தங்காய் சிப்ஸ் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டே நாளைக் கழிக்கிற பிள்ளை அவன். ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவுகிறானா என்று யார் பின்னாலேயே போய்ப் பார்ப்பது?

டீச்சர், உங்களால் முடியும். ஸ்டாஃப் ரூமுக்குப் பின்னால் இருக்கும் குழாயில் மதியம் தண்ணீர் வராது, அதை நம்பாதீர்கள். என் மேஜையின் கீழ்த்தட்டில் எப்போதும் ஒரு பாட்டில் தண்ணீர் இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள்.