சிஸ்டம் ஆன் ஆகலன்னு கடைல குடுக்கறதுக்கு முன்னாடி இத படிச்சிட்டு போங்க

குடியாத்தத்துல சின்னதா டிடிபி கடை வச்சிருக்கேன். கல்யாண பத்திரிகை, காதுகுத்து, கோயில் நோட்டீஸ், பேனர் எல்லாம் டிசைன் பண்ணி பிரஸ்ஸுக்கு அனுப்பறது என் வேலை. வைகாசி 1 எங்க ஊர்ல கெங்கையம்மன் சிரசு திருவிழா, அதுக்கு முன்னாடி பத்து நாள் தூங்கவே நேரம் இருக்காது. கரெக்டா அந்த நேரத்துல விண்டோஸ் அப்டேட் ஓடிக்கினு இருக்கும்போது கரண்ட் போச்சு, யூபிஎஸ்ஸும் தாங்கல. திரும்ப ஆன் பண்ணா நீல கலர் ஸ்கிரீன்ல ஆட்டோமேட்டிக் ரிப்பேர்னு வருது, சுத்துது, ரீஸ்டார்ட் ஆவுது, மறுபடியும் அதே.

பதறிப்போய் சிபியூவ தூக்கிக்கினு பஸ் ஏறி வேலூர் போனேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை, பேர் வேணாம். அஞ்சு நிமிஷம் கூட பாக்கல, "ஹார்ட் டிஸ்க் போச்சு தம்பி, டேட்டா வராது, எஸ்எஸ்டின்னு வேகமான டிஸ்க் போட்டா புதுசு மாதிரி ஓடும்"னாரு. ஏழு வருஷ வேலை அதுல இருக்குதுண்ணா, எப்படியாவது எடுத்து குடுங்கன்னு கெஞ்சனேன். அதுக்கு தனியா 1,500 கேட்டாரு, குடுத்தேன். மொத்தம் 5,800 ரூபா. மறுநாள் போனா டேட்டா வரலன்னு சொல்லிட்டாரு. பில் கேட்டதுக்கு விசிட்டிங் கார்டு பின்னாடி தொகைய எழுதி குடுத்தாரு, அவசரத்துல நானும் வாங்கிக்கினு வந்துட்டேன்.

திருவிழா முடிஞ்சு எங்க சித்தப்பா பையன் வந்தான், காட்பாடில இன்ஜினியரிங் படிக்கறான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் போட்டு பாத்தா, புது எஸ்எஸ்டின்னு குடுத்தது ஏற்கனவே 11,000 மணி நேரத்துக்கு மேல ஓடின பழசு. விண்டோஸும் கிராக் பண்ணது, இத்தனைக்கும் என் சிஸ்டம் வாங்கும்போதே ஒரிஜினல் விண்டோஸோட வந்தது, அதே வெர்ஷன திரும்ப ஏத்திருந்தா நெட் கனெக்ட் பண்ணதும் தானா ஆக்டிவேட் ஆயிருக்கும். பழைய டிஸ்க் எங்கண்ணான்னு அவன் கேட்டப்பதான் எனக்கு உறைச்சுது, அத நான் வாங்கவே இல்ல.

நேர்ல போய் சத்தம் போட்ட அப்புறம்தான் உள்ள இருந்து எடுத்து குடுத்தாங்க. யூஎஸ்பி கேபிள்ல மாட்டி பாத்தா டிஸ்க் ஹெல்த் "குட்"னு காட்டுது. ஆனா பார்ட்டிஷன், அதாவது டிஸ்க்ல சி, டின்னு பிரிச்சு வச்சிருந்தது எல்லாம் அழிச்சு வேற விண்டோஸ் ஏத்தி வச்சிருக்காங்க. வேற யார் தலைலயோ கட்டத்தான் வச்சிருந்தாங்கன்னு நான் நினைக்கறேன்.

அழிஞ்ச ஃபைல தேடி எடுக்கற ஃபோட்டோரெக்னு ஒரு சாஃப்ட்வேர் போட்டு ராத்திரி முழுக்க ஓட விட்டோம். ஃபைல் கொஞ்சம் வந்துச்சு, ஆனா பேர் எதுவும் இல்ல, எல்லாம் வெறும் நம்பர். எந்த பத்திரிகை யாரோடதுன்னு ஒண்ணொண்ணா திறந்து பாத்துக்கினு இருக்கேன். அவங்க ஏத்தின விண்டோஸ் எந்த இடத்துல எழுதிச்சோ, அங்க இருந்த என் ஃபைல் போனது போனதுதான்.

எனக்கு வயிறு எரியறது இதுக்குதான்: அன்னிக்கு கெட்டுப்போனது விண்டோஸ ஆன் பண்ற பூட் ஃபைல் மட்டுமா இருக்கத்தான் சான்ஸ் அதிகம்னு தம்பி சொல்றான். அந்த நீல ஸ்கிரீன்லயே ட்ரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் உள்ள போனா கமாண்ட் ப்ராம்ப்ட்னு டைப் பண்ற கறுப்பு விண்டோ இருக்கு. அதுல நோட்பேட்னு டைப் பண்ணி என்டர் தட்டினா நோட்பேட் திறக்கும், ஃபைல் மெனுல ஓப்பன் குடுத்து, கீழ ஆல் ஃபைல்ஸ்னு மாத்தினா நம்ம டிரைவ் எல்லாம் தெரியும், அங்கயே காப்பி பண்ணி பென்டிரைவ்ல பேஸ்ட் பண்ணலாம். டிரைவ் லெட்டர் மட்டும் மாறி இருக்கலாம், சி-ல இல்லன்னா டி, ஈ-ல பாருங்க. பிட்லாக்கர்னு விண்டோஸோட டிஸ்க் பூட்டு போட்ட லேப்டாப்னா 48 இலக்க ரெக்கவரி கீ கேக்கும், அது உங்க மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல இருக்கான்னு பாருங்க. மொதல்ல டேட்டா வெளிய வரணும், அப்புறம் எந்த ரிப்பேரா இருந்தாலும் பண்ணுங்க.

கடைக்கு போயே ஆகணும்னா டிஸ்க்கோட சீரியல் நம்பர ஃபோட்டோ எடுத்துக்கோங்க, என்ன கேக்காம ஃபார்மேட் பண்ணாதீங்கன்னு வாட்ஸ்அப்ல எழுதி அனுப்புங்க, கழட்டின பார்ட்ட கையோட வாங்குங்க, ஜிஎஸ்டி பில் இல்லாம காசு குடுக்காதீங்க. நுகர்வோர் ஹெல்ப்லைன் 1915-க்கு போன் பண்ணலாம்னு இருக்கேன், ஆனா காட்டறதுக்கு என் கைல இருக்கறது அந்த விசிட்டிங் கார்டு மட்டும்தான்.

என்கிட்ட பத்திரிகை அடிச்சவங்க யாராவது இத படிச்சா, உங்க போன்ல அந்த ஃபைல் இருந்தா தயவுசெஞ்சு அனுப்புங்க.