டர்போ காருக்கு 92-ஆ, 95-ஆ? யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நீண்ட காலப் பாவனை அனுபவம்

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவசரக்காரர்கள் இந்தப் பந்தியோடு எழுந்து போகலாம். என்னிடம் இருப்பது ஐரோப்பியச் சந்தைக்காகத் தயாரிக்கப்பட்ட ஹொண்டா சிவிக்: 988 சிசி, மூன்று சிலிண்டர், டர்போ. அதற்கு ஒக்டேன் 95 பெற்றோல் அடிக்கிறேன். யாழ்ப்பாண நகரத்துக்குள் மட்டும் ஓடித்திரியும் மாதங்களில் 92-க்கும் 95-க்கும் எந்த வித்தியாசமும் தெரிவதில்லை. நாலைந்து பேரோடு ஏ-9 வீதியில் தெற்கே இறங்கும்போது கொஞ்சம் தெரிகிறது. மலையேறும்போது நன்றாகவே தெரிகிறது. 95-க்கு மேலே போவதற்கு ஒரு காரணமும் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை.

இந்தக் கார்கள் இங்கே இவ்வளவு தொகையாக வந்ததற்கு வரிதான் காரணம். எஞ்சின் கொள்ளளவைப் பார்த்து வரி விதிக்கும் நாட்டில், ஆயிரம் சிசிக்குள் அடங்கிக்கொண்டு 129 குதிரைவலு தரும் கார் என்றால் யார்தான் விடுவார்கள்? 2017-க்கும் 2019-க்கும் இடையில் கொழும்பில் இறங்கியவற்றில் ஒரு பங்கு வடக்குக்கும் வந்து சேர்ந்தது. 2020-இல் இறக்குமதி நிறுத்தப்பட்டது. மறுபடி 2025-இல் கதவு திறந்தபோது விலைகள் சாதாரண மனிதன் எட்ட முடியாத உயரத்தில் இருந்தன. ஆகவே கையில் இருக்கும் எஞ்சினை எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்க வைக்கலாம் என்பதே எங்களைப் போன்றவர்களின் கவலை. பெற்றோல் பற்றிய கேள்வியும் அங்கேதான் முளைக்கிறது.

எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது: 95 என்றால் ‘பவர்’ கூடிய பெற்றோல், அடித்தால் கார் பறக்கும். பெற்றோல் செட்டில் வரிசையில் நிற்கும்போது இதைச் சொல்லாத ஆள் இல்லை. ஒக்டேன் எண்ணுக்கும் எரிபொருளில் அடங்கியுள்ள சக்திக்கும் தொடர்பு கிடையாது. அமுக்கத்தையும் வெப்பத்தையும் தாங்கிக்கொண்டு, ஸ்பார்க் பிளக் பொறி தரும்வரை தானாகப் பற்றாமல் இருக்கும் பொறுமையைத்தான் அந்த எண் அளக்கிறது. ஆய்வுகூடத்தில் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சின் ஒன்றில் எரித்து, ஐசோ ஒக்டேனுக்கு 100, ஹெப்டேனுக்கு 0 என்று வைத்து ஒப்பிடுகிறார்கள். பொறுமை கெட்ட பெற்றோல் நேரத்துக்கு முன்பே ஆங்காங்கே பற்றிக்கொள்ளும், அதுதான் நொக்கிங். சாதாரண எஞ்சின் காற்றை உறிஞ்சி எடுக்கிறது. டர்போவோ காற்றை அமுக்கித் திணிக்கிறது. அமுக்கினால் காற்று சூடாகும். சூடான காற்றும் கூடிய அமுக்கமும் ஒன்று சேர்ந்தால் பெற்றோலின் பொறுமைக்கு இரட்டைச் சோதனை.

யாழ்ப்பாணத்தில் ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. 1990-களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் எல்லாம் மண்ணெண்ணெயில் ஓடின. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு ஸ்ரார்ட் செய்து, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் பெற்றோலின் பாதிக்கும் வெகு கீழே. ஏற்றத்திலோ ஆட்கள் கூடினாலோ, கண்ணாடிப் போத்தலுக்குள் கூழாங்கல் போட்டுக் குலுக்குவது போன்ற சத்தம் பொனெற்றுக்குள் இருந்து வரும். அந்த எஞ்சின்களின் அமுக்க விகிதம் குறைவு, அதனால்தான் தப்பின. பெற்றோலைச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் இன்றைய நேரடி உட்செலுத்தல் டர்போ எஞ்சினுக்கு அப்படி ஒரு நாள் கூட வாழ்க்கை கிடையாது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்த விடயம் எனக்குத் தெளிவானது. மனைவியின் தம்பி கனடாவில், வட ஒன்ராறியோவில் இருக்கிறான். பனிக்காலம் வந்தால் அவனைக் கையில் பிடிக்க முடியாது. யமஹா சைட்வைண்டர் என்ற டர்போ ஸ்னோமொபைல் வைத்திருக்கிறான்: 998 சிசி, மூன்று சிலிண்டர், நான்கு அடிப்பு எஞ்சின். என் காருக்கும் அவன் பனி வண்டிக்கும் பத்து சிசிதான் வித்தியாசம்; ஆனால் அவனுடையது 200 குதிரைவலுவைத் தொடும் வகை. ஒருநாள் காணொளி அழைப்பில், “அத்தான், இங்கே பிரீமியம் என்றாலே 91 தான். உங்களுக்கு ஊரில் 95 கிடைக்கிறது. கொடுத்து வைத்தவர்கள்” என்றான்.

இரண்டும் ஏறத்தாழ ஒரே பெற்றோல். இலங்கையிலும் ஐரோப்பாவிலும் பம்பில் எழுதியிருப்பது ‘ரோன்’ என்ற அளவு. வட அமெரிக்காவில் அந்த ரோனையும், இன்னும் கடுமையான நிலையில் அளக்கப்படும் ‘மோன்’ என்பதையும் கூட்டி இரண்டால் வகுத்து எழுதுகிறார்கள். அதனால் அங்கே எண் நாலைந்து குறைவாகத் தெரியும். அவர்களின் 91 நம்முடைய 95-ஐ ஒட்டியது. அவர்களின் 87 நம்முடைய 91, 92-ஐ ஒட்டியது. கனடாவில் இருக்கும் உறவினர் “நான் 87 தான் அடிக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை” என்று சொல்வதைக் கேட்டு இங்கே யாரும் பெற்றோல் தெரிவு செய்யக்கூடாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அவனுக்கு இருந்த கேள்வி 91-ஆ 94-ஆ என்பது. ஒன்ராறியோவில் சில நிலையங்களில் 94-உம் கிடைக்கிறது. அவனுடைய வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையிலேயே இருக்கிறது, பூஸ்ற் அழுத்தத்தை, அதாவது டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தத்தை, கூட்டும் மாற்றம் எதுவும் செய்யவில்லை. கையேடு கேட்பது 91. அதற்கு மேல் அடிக்கும் பணம் புகையாகத்தான் போகும் என்பது என் கட்சி. பூஸ்றைக் கூட்டியவர்களுக்கு 94-உம் சில வேளை பந்தய எரிபொருளும் தேவைப்படும். அது வேறு கதை. எங்கள் இருவருக்கும் பொதுவாக ஒரு விடயம் இருக்கிறது, ஒரு முரணும் இருக்கிறது. அவனுடைய எஞ்சின் பூச்சியத்துக்குக் கீழே இருபது பாகை குளிரில் காற்றை எடுக்கிறது. அந்தக் குளிர் நொக்கிங்கைத் தடுக்கும் பெரிய உதவி. என்னுடையது சித்திரை வெயிலில் 34, 35 பாகைக் காற்றை எடுக்கிறது. டர்போவிலிருந்து வரும் சூடான காற்றை ஆற்றும் இன்டர்கூலர் எவ்வளவு திறமானதாக இருந்தாலும் வெளிக்காற்றைவிடக் குளிராக்க அதனால் முடியாது. ஆகவே வலு குறைந்த என் எஞ்சினும் வலு கூடிய அவனுடைய எஞ்சினும் ஒரே தரப் பெற்றோலைக் கேட்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

இனி வீதிக்கு வருவோம். கொக்குவிலிலிருந்து நகரத்துக்குப் போய் வருவது, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊர்ந்து திரிவது, பண்ணைப் பாலம் தாண்டித் தீவுப்பகுதிக்கு ஓடுவது: இதில் எங்கேயும் டர்போவுக்குப் பெரிய வேலை இல்லை. குடாநாடு தட்டை, வேகமும் குறைவு. இந்த ஓட்டத்துக்கு 92 அடித்த காலத்திலும் 95 அடித்த காலத்திலும் லீற்றருக்கு ஓடிய தூரத்தில் நான் கண்ட ஏற்ற இறக்கம், ஏசி போட்டதாலும் நெரிசலாலும் வருவதைவிடக் கூடுதலாக இருக்கவில்லை.

ஆனையிறவைத் தாண்டினால் கதை மாறத் தொடங்கும். சோளகம் வீசும் மாதங்களில் தெற்கே போகும்போது முகத்துக்கு நேரே காற்று. ஆட்களும் பொதிகளும் ஏசியும் சேர்ந்தால் எஞ்சின் ஓயாமல் பூஸ்றில் நிற்கிறது. காரின் கண்டறியும் துவாரத்தில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கி, பொறியின் முன்கூட்டலை, அதாவது பிஸ்ரன் உச்சிக்கு வருமுன் எவ்வளவு முந்திப் பொறி விழுகிறது என்பதை (நொக்கிங் வந்தால் எஞ்சின் இதைக் குறைத்துக்கொள்ளும்), தொலைபேசித் திரையில் பார்த்தபடி ஓடியிருக்கிறேன் (திரையைப் பார்த்தது பக்கத்தில் இருந்த மகன்). 92-இல் ஓடும்போது, மிதியை அழுத்தி முந்தும் இடங்களில் அந்த எண் சட்டென்று பின்வாங்கி, மெதுவாக மீண்டது. 95-இல் பின்வாங்கல் குறைவு.

பெரிய வித்தியாசம் நுவரெலியா ஏற்றத்தில். கண்டியிலிருந்து றம்பொடை வழியாக ஏறும்போது, 92-இல் எண் பின்வாங்கிய இடத்திலேயே நின்றுவிட்டது. கார் மூச்சு வாங்கியது. 95-இல் அதே வளைவுகளில் மிதியை இன்னும் குறைவாக அழுத்தியே ஏற முடிந்தது. மலைக்குப் போனால் காற்று மெல்லியது, குறைந்த ஒக்டேன் போதும் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சினுக்கு அது சரி. 1,868 மீற்றர் உயரத்தில் காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் அமுக்கமும் அதற்கேற்பக் குறையும். டர்போ அந்தக் குறையைத் தானே நிரப்பிவிடுகிறது, அதுவும் இன்னும் வேகமாகச் சுழன்று, காற்றை இன்னும் சூடாக்கி. கனடாவின் மலைப் பகுதிகளில் டர்போ ஸ்னோமொபைலுக்கு உயரத்தைக் காரணம் காட்டி மலிவுப் பெற்றோல் அடிக்கக்கூடாது என்பதும் இதனால்தான்.

92 அடித்தால் எஞ்சின் வெடித்துவிடுமா என்று கேட்பவர்களுக்கு 2022-இன் எரிபொருள் தட்டுப்பாட்டை நினைவுபடுத்துகிறேன். அந்த ஆனி மாதம் 92 லீற்றர் 470 ரூபாவுக்கும் 95 லீற்றர் 550 ரூபாவுக்கும் ஏறியது. பிறகு கியூஆர் அட்டை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர் என்று அளந்து தந்தார்கள். எந்த ரகம் என்று கேட்கும் நிலையிலா இருந்தோம்? கிடைத்ததை அடித்தோம். மாதக்கணக்கில் 92-இலேயே ஓடியது என் கார். நொக் சென்சர் சத்தத்தைக் கேட்டுப் பொறியைப் பின்தள்ளி எஞ்சினைக் காப்பாற்றியது. மெதுவாகவும் ஓடினேன், வேகமாக ஓடப் பெற்றோல் ஏது? கேடு ஒன்றும் வரவில்லை. ஆனாலும் அவசரத்துக்குத் தாங்கும் என்பதை வைத்து அதையே வழக்கமாக்கிக்கொள்ள நான் தயாரில்லை. எரிபொருள் மூடியின் உட்புறத்தில் 95 என்று ஒட்டியிருக்கிறது. அந்த எஞ்சினைச் செய்தவனுக்கு அதைப் பற்றி என்னைவிடக் கூடத் தெரியும்.

காசுக் கணக்கு இப்படி. மாதாந்த விலைத் திருத்தத்தோடு இரண்டுக்கும் இடையிலான இடைவெளி கூடியும் குறைந்தும் ஆடியிருக்கிறது. நாற்பது லீற்றர் அடித்தால், இடைவெளி நாற்பது ரூபா என்று வைத்தாலும், 1,600 ரூபா கூடுதல். மாதம் ஒரு தாங்கி ஓடும் எனக்கு இது பெரிய சுமை இல்லை. வாடகைக்கு ஓடுபவர்களுக்குச் சுமைதான். அவர்கள் பாதிக்குப் பாதி கலந்து அடிப்பதைக் கண்டிருக்கிறேன். ஏறத்தாழ 93.5 வரும். தட்டை வீதியில் ஓடும் காருக்கு அது மோசமான சமரசம் இல்லை.

குடாநாட்டில் 95-இன் உண்மையான பிரச்சினை வேறு. எல்லாச் செட்டிலும் அது இருப்பதில்லை. இருக்கும் இடத்திலும் சிலவற்றில் விற்பனை மந்தம்; நிலத்தடித் தாங்கியில் நீண்ட நாள் கிடக்கிறது. கிடக்கக் கிடக்க எளிதில் ஆவியாகும் பகுதிகள் குறைந்துவிடும். கார்த்திகை, மார்கழி அடைமழையில் தண்ணீர் கசியும் பயமும் சேர்ந்துகொள்ளும். ஒரு மழைக்காலத்தில் பேர் சொல்ல விரும்பாத ஒரு செட்டில் அடித்த பிறகு, காலையில் ஸ்ரார்ட் செய்ததும் கார் குலுங்கத் தொடங்கியது. மெக்கானிக் அண்ணை தாங்கியிலிருந்து கொஞ்சம் எடுத்து ஒரு தெளிவான போத்தலில் விட்டு யன்னலில் வைத்தார். சற்று நேரத்தில் அடியில் ஒரு விரல்தடிப்புக்குத் தண்ணீர் தனியாகப் பிரிந்து நின்றது. அன்றிலிருந்து 95 அதிகம் விற்கும் ஒரு செட்டைப் பிடித்துவைத்திருக்கிறேன். பவுசர் வந்து இறக்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் அங்கேயும் நிற்பதில்லை, அடி வண்டல் கலங்கியிருக்கும்.

ஒக்டேனோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொரு விடயம், சிறிய நேரடி உட்செலுத்தல் டர்போ எஞ்சின்களுக்கே உரிய தாழ்வேக முன்எரிவு. மிகக் குறைந்த சுழற்சியில் மிதியைத் திடீரென அழுத்தினால், பொறிக்கு முன்பே எரிந்து பிஸ்ரனையே உடைக்கக்கூடியது. இதற்கு மருந்து பெற்றோல் பம்பில் முழுமையாக இல்லை, எஞ்சின் ஒயிலில் இருக்கிறது. அமெரிக்கப் பெற்றோலிய நிறுவகமான ஏபிஐ வகுத்த ‘எஸ்என் பிளஸ்’ அல்லது அதற்குப் பிறகு 2020-இல் வந்த ‘எஸ்பி’ தர ஒயில் இதை மனத்தில் வைத்தே வந்தது. 95-க்குக் கூடுதல் காசு கொடுத்துவிட்டு, ஒயிலில் மலிவு பார்ப்பவர்களை என்ன சொல்ல? இந்த எஞ்சினில் ரைமிங் பெல்ற்றும் ஒயிலுக்குள்தான் ஓடுகிறது. ஒயில் மாற்றுவதைத் தள்ளிப்போடவும் கூடாது.

கடைகளில் விற்கும் ‘ஒக்டேன் பூஸ்றர்’ போத்தல்களை நான் தொடுவதில்லை. அவற்றில் பலவற்றின் விளம்பரத்தில் ‘மூன்று புள்ளி’, ‘ஐந்து புள்ளி’ என்று வருவது முழு எண் இல்லை. பத்துப் புள்ளி சேர்ந்தால்தான் ஒரு ஒக்டேன். ஒரு போத்தல் வாங்கும் காசை, 92-க்குப் பதில் 95 அடிக்கும் கூடுதல் செலவுக்கே கொடுத்துவிடலாம்.

ஜப்பானிலிருந்து நேரே வந்த சுசுகி வாகன்ஆர், ஹஸ்லர் டர்போ, ரொயோட்டா ரைஸ் கார்களை வைத்திருப்பவர்கள் என்னைப் பார்த்து 95-க்கு ஓட வேண்டாம். ஜப்பானில் சாதாரண பெற்றோலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்ச ரோன் 89 தான். அந்தக் கார்கள் அந்தப் பெற்றோலுக்காகவே இசைக்கப்பட்டவை. நமது 92 அவற்றுக்குத் தாராளம். டர்போ என்ற எழுத்தைப் பின்கதவில் பார்த்துவிட்டு அயல்வீட்டுத் தம்பி மாதக்கணக்காகத் தன் ஹஸ்லருக்கு 95 அடித்துக்கொண்டிருந்தான். கையேட்டின் ஜப்பானிய மொழிப் பக்கத்தைத் தொலைபேசியில் மொழிபெயர்த்துக் காட்டிய பிறகுதான் விட்டான்.