ஆக்டிவேஷன் வரம்புள்ள விளையாட்டு வட்டு: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

2008ஆம் ஆண்டு வெளியான ஒரு சாகச விளையாட்டின் டிவிடியை அந்த ஆண்டே முழு விலை கொடுத்து வாங்கினேன். கதையிலும் இசையிலும் காட்சியமைப்பிலும் எனக்கு எந்தக் குறையும் இல்லை. இங்கே எழுதுவது அதன்மீது பூட்டப்பட்டிருந்த நகல் தடுப்பு முறையைப் பற்றி மட்டுமே என்பதாலும், அக்காலத்தில் வந்த வேறு பல விளையாட்டுகளுக்கும் இது பொருந்தும் என்பதாலும் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

வட்டிலிருந்து கோப்புகளை நிறுவுவதில் சிக்கல் எதுவும் இல்லை. கையேட்டின் பின்புறம் அச்சிட்டிருந்த சீரியல் எண்ணில் எட்டையும் ஆங்கில ‘பி’ எழுத்தையும் பிரித்தறியக் கொஞ்சம் கண்ணைச் சுருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் தொல்லை தொடங்கியது. கணினியின் பிராசஸர், கிராஃபிக்ஸ் கார்டு, ஹார்ட் டிஸ்க் போன்றவற்றின் விவரங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து ஓர் அடையாள எண்ணை உருவாக்கி, அதை இணையம் வழியாக நிறுவனத்தின் சர்வருக்கு அனுப்பி, அங்கிருந்து அனுமதி வந்த பிறகே விளையாட்டு திறந்தது. இந்த அனுமதிக்குத்தான் ஆக்டிவேஷன் என்று பெயர். இணையம் வழியாக எதையும் எடுக்காத, ஒருவர் மட்டுமே ஆடக்கூடிய விளையாட்டு அது. அனுமதி கிடைத்த பின்னும் ஒவ்வொரு முறையும் வட்டு டிரைவுக்குள் இருந்தாக வேண்டும். சாதாரண நகலெடுப்பில் படியாத சில அடையாளங்கள் வட்டில் இருக்க, அவை சரியாக இருக்கின்றனவா என்று மென்பொருள் சோதிக்கும். என் டிரைவின் லென்ஸ் தேயத் தொடங்கிய காலத்தில், அசல் வட்டு உள்ளே சுழன்றுகொண்டிருக்கும்போதே ‘அசல் வட்டை இடவும்’ என்ற செய்தி வரும். வட்டுபோல நடிக்கும் மென்பொருள் ஏதேனும் கணினியில் இருந்தாலும் விளையாட்டு திறக்க மறுத்தது. அலுவலக வேலைக்காக வைத்திருந்த அப்படியொரு மென்பொருளை இதற்காகவே நீக்கினேன்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது ஆக்டிவேஷனுக்கு விதித்திருந்த எண்ணிக்கை வரம்புதான். இத்தனை கணினிகளில் மட்டுமே நிறுவலாம் என்பது கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் அந்த முறை எண்ணியது கணினிகளை அல்ல. விண்டோஸை மீண்டும் நிறுவினாலோ, மதர்போர்டையோ ஹார்ட் டிஸ்க்கையோ மாற்றினாலோ அடையாள எண் மாறிவிடக்கூடும். அதே மேசையில் இருக்கும் அதே கணினி புதியதாகக் கணக்கில் ஏறும். அக்காலத்துத் தமிழ்நாட்டின் மின்வெட்டையும், நின்று வரும் மின்சாரத்தின் ஏற்ற இறக்கத்தையும், கடையில் பாகம் பாகமாகச் சேர்த்துக் கட்டிய கணினிகளையும், எந்தக் கோளாறைச் சொன்னாலும் “ஃபார்மட் போட்டுடலாம் சார்” என்று ஒரே மருந்தைத் தரும் சர்வீஸ்காரரையும் நினைத்துப் பார்த்தால், இந்த வரம்பு எவ்வளவு விரைவில் தீரும் என்பது புரியும். விளையாட்டை முறையாக நீக்கினால் ஓர் ஆக்டிவேஷன் திரும்பக் கிடைக்கும் என்ற வசதியைப் பின்னர் சேர்த்தார்கள். அதற்குக் கணினி நல்ல நிலையில் இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். என் ஹார்ட் டிஸ்க் முன்னறிவிப்பு தந்துவிட்டுச் சாகவில்லை.

இது என் ஒருவனுடைய புலம்பல் அல்ல. 2007இல் வந்த ‘பயோஷாக்’ முதலில் இரண்டு ஆக்டிவேஷன்களை மட்டுமே அனுமதித்தது. எதிர்ப்பு எழுந்ததும் அது ஐந்தாக உயர்ந்து, 2008 ஜூனில் வரம்பே நீக்கப்பட்டது. 2008 மே மாதம் வந்த ‘மாஸ் எஃபெக்ட்’டின் கணினிப் பதிப்பு பத்து நாளுக்கு ஒருமுறை சர்வரைத் தொடர்புகொள்ளும் என்று அறிவித்திருந்தார்கள், கூச்சல் கிளம்பியதும் அதைக் கைவிட்டு, மூன்று ஆக்டிவேஷன்கள் என்ற வரம்போடு நிறுத்திக்கொண்டார்கள். அதே வரம்போடு அந்த ஆண்டு செப்டம்பரில் வந்த ‘ஸ்போர்’ விளையாட்டுக்கு அமேசானில் ஒற்றை நட்சத்திர மதிப்புரைகள் குவிந்தன. அமெரிக்காவில் வழக்கும் தொடரப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், பூட்டுடைத்த ‘ஸ்போர்’ வெளியீட்டு நாளுக்கு முன்பே இணையத்தில் உலவத் தொடங்கிவிட்டது. பூட்டு உடைத்தவரின் பிரதி சர்வரையும் கேட்பதில்லை, டிரைவில் வட்டையும் தேடுவதில்லை. காசு கொடுத்தவருக்கு மட்டுமே காவல்.

வரம்பு தீர்ந்தபின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். கையேட்டில் அவர்கள் தந்த புகார் எண்ணைக் கைப்பட எழுதி, சீரியல் எண்ணும் தெரியும்படி படமெடுத்து, கடை ரசீதோடு அனுப்பச் சொன்னார்கள். வெயிலில் மை மங்கிப்போன ரசீதைப் படமெடுப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கேட்டதைக் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். பதில் எழுதியவர் பணிவோடுதான் எழுதினார். ஆனால் கொடுத்தது ஒரே ஒரு ஆக்டிவேஷன். அடுத்த ஃபார்மட்டுக்குப் பிறகு மீண்டும் அதே கடிதம், அதே படம்.

சில ஆண்டுகளில் அந்த ஆக்டிவேஷன் சர்வரையே நிறுத்திவிட்டார்கள். வட்டு மட்டும் இன்றும் கீறலில்லாமல் இருக்கிறது. இணைய அனுமதி கேட்காத, இன்னும் பழைய வட்டுகளை வைத்திருப்பவர்களுக்கும் வேறொரு வழியில் இதே கதி நேர்ந்தது. சேஃப்டிஸ்க் என்ற நகல் தடுப்பு முறைக்கான டிரைவர் கோப்பு விண்டோஸுடனேயே வந்துகொண்டிருந்தது. கணினி முழுவதையும் கைப்பற்ற இடம்தரும் பாதுகாப்பு ஓட்டை அதில் 2007இல் வெளிப்பட்டது. 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரு பாதுகாப்புப் புதுப்பிப்பு மூலம் விஸ்டா, 7, 8 பதிப்புகளிலும் அது முடக்கப்பட்டது. மைக்ரோசாஃப்ட் செய்தது சரியே. அப்படியொரு கோப்பு விளையாட்டு வட்டுக்காகக் கணினியின் அடிமடிவரை போயிருக்கவே கூடாது.

நான் வாங்கிய விளையாட்டு பின்னர் ஜி.ஓ.ஜி. என்ற இணைய விற்பனைத் தளத்தில் எந்தப் பூட்டும் இல்லாமல் வெளியானது. தள்ளுபடி நாளில் இரண்டாம் முறையாகக் காசு கொடுத்து வாங்கினேன், சற்றுக் கசப்போடுதான். நிறுவும் கோப்பை வெளிப்புற ஹார்ட் டிஸ்க்கில் சேமித்துவைத்திருக்கிறேன்; இணையத்தைத் துண்டித்துவிட்டு நிறுவினாலும் இயங்குகிறது, விண்டோஸ் 11 வரை சோதித்துவிட்டேன். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் கிடைப்பவையும் நம் பயனர் கணக்கோடு பிணைக்கப்பட்டவைதான் என்றாலும், அங்கே பெரும்பாலான விளையாட்டுகளுக்கு எத்தனை முறை ஃபார்மட் செய்தோம் என்ற கணக்கு கிடையாது. அந்த அளவில் அதை ஏற்கிறேன். ஆனால் அங்கும் சில விளையாட்டுகளின் விற்பனைப் பக்கத்தில், கூடுதல் நகல் தடுப்பு உண்டு என்ற சிறு குறிப்பு வலப்புறம் இருக்கும்; பணம் கட்டுமுன் அதைப் படித்துவிடுங்கள். பழைய பெட்டிப் பதிப்பைச் சேகரிப்புக்காக இரண்டாம் கையாக வாங்குவோர், சீரியல் எண் ஏற்கெனவே தீர்ந்துபோனதாக இருக்கும் என்றே வைத்துக்கொண்டு, அட்டைப்படத்துக்கும் கையேட்டுக்கும் தகுந்த விலையை மட்டும் கொடுப்பது நல்லது.